குழலருக்கு ஒரு மரண அறிவித்தல்

— இல்லை அங்கிள், பிறப்பிடம் எண்டு வாற இடத்தில சும்மா மொன்றியல் எண்டு போட்டால் கேக்கிற சனம் குழம்பும். ஊர்ப்பேர் வேணும்.

— அதுதான் ஊர். மொன்றியல்.

— நீங்கள் குருநகர் எண்டு சொன்னனீங்கள். செத்தவர் எந்த ஊர்?

— அவர் இஞ்சை பிறந்தவர். கால்வாய்க்குக் கிட்ட, ரயில் பாதைக்குக் கீழ்ப்பக்கம். எழுது.

— வயசு தொண்ணூற்றிரண்டு எண்டு சொல்லுறியள். அந்தக் காலத்தில இஞ்சை தமிழர் ஆர் இருந்தது?

— அவர் தமிழரெண்டு ஆர் உனக்குச் சொன்னது?

— அங்கிள், இது தமிழ் ரேடியோ.

— தெரிஞ்சுதான் வந்தனான். இங்கிலீஷ் ரேடியோவில சொல்லுறதெண்டால் ரெண்டு பஸ் மாறி உன்ர ரொக்ஸ்பரோ பேஸ்மென்றுக்கு ஏன் வாறன், பிள்ளை? முழங்கால் வேறை கழண்டு போச்சு. உந்தக் கதிரையை இஞ்சாலை தள்ளு.

— இருங்கோ, இருங்கோ. தேத்தண்ணி?

— வேண்டாம். எழுது.

— பேரைச் சொல்லுங்கோ, அப்பதானே எழுத.

— லின்ரன் அலீன்.

— வெள்ளையோ?

— கறுப்பு. தாய் தேப்பன் பார்படோசில இருந்து வந்ததுகள். தேப்பன் ரயிலில படுக்கை விரிக்கிற வேலை. வெள்ளைக்காரரின்ர சப்பாத்து மினுக்கிற வேலையும் அதுக்குள்ள. மகன் ட்ரொம்போன் வாசிச்சவர். நீட்டி நீட்டி மடக்கிற குழல் இருக்கெல்லே, அது.

— கோபிக்காதேங்கோ அங்கிள். எங்கட மரண அறிவித்தல் கேக்கிறது ஆர் தெரியுமோ? காலமை குசினியில நிண்டு இடியப்பம் பிழியிற அம்மாமார். லவாலில, இஞ்சை, புவாண்ட்-கிளேரில. லின்ரன் அலீன் எண்டால் அவைக்கு என்ன தெரியும்?

— ‘குழலர்’ எண்டு அடைப்புக்குள்ள போடு. தெரியும்.

— குழலரோ? பொறுங்கோ. இந்தப் பேர் எங்கையோ கேட்டமாதிரிக் கிடக்கு. எங்கட பத்மா மாமி சொல்லுவா, குழலற்றை கட்டிடத்தில இருக்கேக்கைதான் மூத்தவன் பிறந்தவன் எண்டு.

— பத்மாவோ? மூண்டாம் மாடி. பெடியன் பிறந்த அண்டைக்குப் பனி கொட்டோ கொட்டெண்டு கொட்டுது, அம்புலன்ஸ் வரேல்லை. ஆர் கொண்டுபோனது எண்டு கேட்டனியோ?

— இல்லை.

— கேட்டிருக்க மாட்டாய். அவையும் சொல்லியிருக்க மாட்டினம். இப்ப லவாலில ரெண்டு கராஜ் வைச்ச வீடு. விடு, எழுது.

— ஓகே. எங்கட முறைப்படி வாசிக்கிறன், பிழையெண்டால் சொல்லுங்கோ. ‘மொன்றியலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட லின்ரன் அலீன், அடைப்புக்குள்ள குழலர், அவர்கள் காலமானார்.’ என்ன திகதி?

— திகதி கட்டாயமோ?

— வேறை என்ன? காலமானார் எண்டால் எப்ப எண்டு கேக்க மாட்டினமே?

— நேற்று எண்டு போடு.

— போடவோ? நேற்றோ, இல்லையோ?

— நேற்றுத்தான். நீ என்ன பொலிசோ?

— சரி, சரி. ‘நேற்றுக் காலமானார். அன்னார், காலஞ்சென்றவர்களான...’ தாய் தேப்பன் பேர்?

— தேப்பன் கிளமென்ற். தாயின்ர பேர் ஐவி.

— ‘கிளமென்ற் ஐவி தம்பதிகளின் அன்பு மகனும்...’ மனிசி?

— எலனோர். அவ போய்க் கனகாலம். நேர்சாப் படிக்கப் போனவ. கறுப்புக் கை நோயாளியில படக்கூடாதெண்டு திருப்பி அனுப்பினவங்கள். பேந்து காலம் முழுக்க ஆஸ்பத்திரியில துணி தோய்ச்சவ. கறுப்புக் கை தோய்ச்ச துணியில வெள்ளை நோயாளி படுக்கலாம், கண்டியோ. அதையும் போடு.

— அறிவித்தலில அதெல்லாம் போடேலாது அங்கிள். ‘எலனோரின் அன்புக் கணவரும்’ எண்டு மட்டும்தான். பிள்ளையள்?

— இல்லை.

— சகோதரங்கள்?

— எல்லாம் போட்டுதுகள்.

— மருமக்கள், பெறாமக்கள், மைத்துனர் எண்டு ஆரும்? எங்கட அறிவித்தலில அதுதான் நீளம். அது இல்லாட்டி அரை நிமிசத்தில முடிஞ்சுபோம்.

— ரொறொன்ரோவில ஒரு பெறாமகன் இருக்கிறான். வருத்தமெண்டு சொன்னதுக்கு, செலவில்லாமல் கெதியாய் எரிச்சுப்போட்டு அறிவியுங்கோ எண்டு சொன்ன ஆள். அவன்ர பேரைப் போட்டாயெண்டால் நான் எழும்பிப் போடுவன்.

— அப்ப தகவல் எண்டு ஆற்றை பேர் போட?

— மரியதாசன். கொன்சியெர்ஜ்.

— நீங்களோ அந்தக் கட்டிடத்துக்குக் கொன்சியெர்ஜ்?

— ஐஞ்சாம் வகுப்போடை கடலுக்குப் போன எனக்கு இந்த ஊரில வேறை என்ன உத்தியோகம் தருவாங்கள்? முதல் கோப்பை கழுவினன். பேந்து அந்தக் கட்டிடத்தில குப்பை இழுத்தன், பனி வழிச்சன், அடைச்ச குழாய்க்குள்ள கை விட்டன். இண்டைவரைக்கும் அங்கைதான் கிடக்கிறன். மற்றதெல்லாம் வீடு வாங்கிக்கொண்டு போட்டுதுகள்.

— அங்கிள், ஒண்டு கேக்கட்டே? போனை எடுத்துச் சொன்னால் முடிஞ்சுதே. பழைய ஆக்கள் எல்லாற்றை நம்பரும் உங்களிட்டை இருக்குமே.

— எடுத்தனான். போன கிழமை முழுக்க அதுதான் வேலை. ஒருத்தருக்கு டபுள் ஷிப்ட். ஒருத்தற்றை பேத்திக்கு அரங்கேற்றம். ஒருத்தன், ‘அண்ணை, ஸ்னோ ரயர் இன்னும் மாத்தேல்லை’ எண்டு சொல்லுறான்.

— போன கிழமையோ? அவர் நேற்றுத்தானே செத்தவர்?

— அது... வருத்தமா இருக்கேக்கை. பாக்க வரச்சொல்லி.

— ஓ. அப்ப ஒருத்தரும் வரேல்லையோ?

— பத்மா ஒரு பேணி பிஸ்கட் குடுத்துவிட்டவ.

— பாவம் மனிசன்.

— அவரையேன் பாவம் எண்டுறாய்? சீனி வருத்தக்காரனுக்கு பிஸ்கட் குடுத்துவிட்டவளை எல்லோ சொல்லவேணும்.

— அவர் பெரிய ஆளோ, அங்கிள்? மியூசிக்கில?

— நகரத்தில ஒரு பெரிய ஹோட்டல். பேர் வேண்டாம், இப்பவும் கிடக்கு. அங்கை பாண்டில எல்லாம் வெள்ளை. அதுக்குள்ள முதல் முதல் போய்க் குந்தின கறுப்பன் இவர். வாசிப்பு வேணுமாம் அவைக்கு. ஆனால் முன்வாசலாலை வரப்படாது. குசினிப் பக்கத்தாலை வா, வாசி, குசினிப் பக்கத்தாலை போ. கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு குப்பைவாளியளைத் தாண்டிப் போறவர். கோப்பை கழுவிற பெடியள் இரங்கி ஒரு கிண்ணம் சூப் குடுப்பாங்களாம். அந்தச் சூப்புக்குத்தான் அவ்வளவு நாள் பொறுத்தன் எண்டு சொல்லுவார்.

— பேந்து?

— ஒரு வருசப் பிறப்பு இரவு. நல்ல பனி. மனிசன் நேராய் முன்வாசலுக்குப் போனார். காவல்காரன் மறிச்சான். சரியெண்டு அந்தப் படியிலேயே குந்தினார், குழலை எடுத்தார். உள்ளுக்கை பாண்ட் என்ன பாட்டு வாசிக்கிறதெண்டு இவருக்குத் தெரியும்தானே. உள்ளுக்கை ஒரு பாட்டுத் துவங்க, வெளியிலை இவரும் அதே பாட்டு. உள்ளுக்கை முடிய இவரும் முடிப்பார். சாப்பிட வந்த சனம் ஒண்டு ரெண்டாய் வெளியிலை வந்து, கோட்டும் இல்லாமல் பனிக்கை நிண்டு கேட்டுதாம்.

— அட!

— என்ன அட? பொலிஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. உதடு குழலிலை ஒட்டித் தோல் உரிஞ்சு ரத்தம். அதோடை நகரத்துக்குள்ள ஒரு இடமும் அவரை வாசிக்க எடுக்கேல்லை. பேந்து கறுப்பு வாசிப்புக்காரரைச் சேர்த்துக்கொண்டு வாத்தியக்காரர் சங்கத்தோடை சண்டை, வழக்கு, ஊர்வலம். வாசிக்கிற வயசு முழுக்க அதிலை போச்சு. பிறகு வந்த பெடியள் எல்லாம் முன்வாசலாலை போய் வாசிச்சுக் காசும் பேரும் எடுத்தாங்கள். இவர் ஞாயிற்றுக்கிழமையில சேர்ச்சில வாசிச்சார்.

— அந்த ஹோட்டல் இப்பவாவது ஏதும் செய்ததோ?

— அவற்றை படத்தைக் கொண்டுபோய் நடு மண்டபத்துக்கை தூக்கியிருக்கிறாங்கள். நல்ல படம். கேக்காமல் தூக்கினது.

— அப்ப பேப்பரில எல்லாம் வருமே, அங்கிள்!

— வரும். செத்தால் வரும்.

— செத்தால் எண்டோ?

— செத்திட்டார்தானே, அதாலை வரும் எண்டன். நீயேன் என்ர வாயைக் கிண்டுறாய்? எழுது.

— என்னத்தை எழுத? நான் பேனையைக் கீழை வைச்சுக் கனநேரம். சொல்லுங்கோ. எங்கட சனத்துக்கும் இவருக்கும் என்ன?

— நாங்கள் வந்த நேரம் உனக்குத் தெரியாது. நீ எங்கை பிறந்தனி?

— இஞ்சைதான். அம்மா ஆக்கள் தொண்ணூற்றிமூண்டில வந்தவை.

— ம். அப்ப எல்லாம் சரிக்கட்டின பிறகு வந்திருக்கினம். எண்பத்தியேழில ஒரு சேர்ச்சுக்குக் கீழை நிலத்தில படுத்தம். பெண்டுகள் பிள்ளையள் ஒரு பக்கம், ஆம்பிளையள் ஒரு பக்கம், நடுவிலை ஒரு சீலை. வீடு வாடகைக்கு எண்டு பலகையைக் கண்டு போய்த் தட்டினால், மூஞ்சையைப் பாத்துப்போட்டு, எடுத்தாச்சு எண்டுவான். அடுத்த நாளும் அதே பலகை தொங்கும். இவர் மேலை வாசிக்க வாறவர், கீழை எங்களைக் கண்டிட்டு, ஏன் இஞ்சை கிடக்கிறியள் எண்டு கேட்டார். எங்களிலை ஒருத்தனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ். சொன்னான். மனிசன் சிரிச்சார்.

— சிரிச்சாரோ?

— சிரிச்சார். வா எண்டு கூட்டிக்கொண்டு ரெலிபோன் பெட்டிக்குப் போனார். அவருக்கு ஒரு குரல் இருக்கு, பிள்ளை. பிரெஞ்சில, மூக்காலை, பணக்காரப் பாதிரியார்மாதிரி. வெள்ளைக்குரல் எண்டு அவரே பேர் வைச்சிருக்கிறார். அதிலை வீட்டுக்காரனுக்கு எடுத்தார். வீடு இருக்கோ? இருக்கு மெசியே, வாங்கோ மெசியே. நாங்கள் போய் நிண்டம். எடுத்தாச்சாம். திரும்பி வந்து வெள்ளைக்குரலில இன்னொருக்கா எடுத்தார். இருக்கு மெசியே, ஏன் இன்னும் வரேல்லை மெசியே!

— வொயிலா! கையும் மெய்யுமாய்!

— அவர் இளவயசில இருந்து செய்த வேலை அது. கறுப்புச் சனத்துக்கு எத்தினை வீடு அப்பிடிப் பிடிச்சுக் குடுத்தவர். சொந்தக் குரலில கேட்டால் ஒருநாளும் உண்மை வராது எண்டு சொல்லுவார். எங்களுக்கும் சாட்சி வைச்சு மனித உரிமைக்காரரிட்டைப் போனார். ஒரு வருசத்துக்குக் கிட்ட இழுபட்டுது. கடைசியிலை கோட்-தெ-நேஜில அந்தக் கட்டிடம் திறந்துது. பத்துப் பன்னிரண்டு குடும்பம். தானும் அங்கையே ஒரு வீடு எடுத்தார். நான் பக்கத்திலை நிக்காட்டி ஒவ்வொருத்தராய் உங்களைக் கிளப்பிப்போடுவான் எண்டு. எலனோருக்கு விருப்பமில்லை. ஆனாலும் வந்தவ.

— எங்கட சனம் அவரோடை நல்ல ஒட்டாயிருந்திருக்கும்.

— உண்மையைச் சொல்லவோ, ரேடியோவுக்குச் சொல்லவோ?

— உண்மையைச் சொல்லுங்கோ.

— அவர் பிடிச்சுத் தந்த வீட்டில படுத்துக்கொண்டு, ‘காப்பிலி மேலை ஊதத் துவங்கிட்டான், நித்திரை கொள்ளேலாது’ எண்டு சொன்ன சனம் நாங்கள். பிள்ளையளை அங்கை விளையாட விடாதை எண்டு பெண்டுகள் சத்தம் போடும். பிள்ளையள் கேக்காதுகள். குழலர் எண்டு பேர் வைச்சதே அதுகள்தான். இல்லாட்டி அவருக்குத் தமிழில இருந்தது மற்றப் பேர்தான்.

— சிக். அவருக்கு அந்தச் சொல் விளங்கியிருக்காது, நல்லகாலம்.

— ஏன் விளங்காது? ஆரும் அதைச் சொல்லேக்கை எந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுகினம் எண்டு பாத்தால் போதாதே? சின்னனிலை இருந்து அவருக்கு அதுதான் பாடம். ஒருநாள் படியில வைச்சு என்னைக் கேட்டார், ‘மரியா, உங்களுக்குள்ளையும் வெள்ளைக்குரல் இருக்குப் போல’ எண்டு. கோபமில்லை. களைச்சுப்போய்க் கேட்டார்.

— நீங்கள் என்ன சொன்னீங்கள்?

— படி கூட்டிக்கொண்டிருந்தனான். கூட்டினன்.

— ம்.

— இனி எழுது. சனிக்கிழமை பின்நேரம் ரெண்டில இருந்து பார்வைக்கு. பார்க்கிங் நல்லாக் கிடக்கு எண்டும் சேர். அது முக்கியம்.

— ஓம், பார்க்கிங் இருந்தால்தான் வருவினம். சாப்பாடு?

— ரோல்ஸ், கட்லட் சொல்லியிருக்கு. உன்ர அறிவித்தலைக் கேட்டால் எவ்வளவு சனம் வரும்?

— குழலர் எண்டு போட்டு, கோட்-தெ-நேஜ் கட்டிடத்துச் சனமெல்லாம் வாங்கோ எண்டு உருக்கமாய் வாசிச்சால், அங்கிள், ஹோல் நிரம்பும். எங்கட சனம் மற்றதுக்கு வராட்டிலும் செத்தவீட்டுக்கு வரும். வராட்டி மற்றவை கதைப்பினம் எண்ட பயம்.

— அதுதான். அதைத்தான் நானும் கணக்குப் போட்டனான்.

— மண்டபத்தின்ர பேர்?

— விலாசம் தாறன். லசால் பக்கம். அந்தத் தெருவும் நம்பரும் போதும்.

— லசாலில செத்தவீட்டு மண்டபம் எல்லாம் எனக்குத் தெரியும். இந்தத் தெருவில ஒண்டும் இல்லையே.

— புதுசு.

— ஓகே, ரெலிபோன் நம்பரைத் தாங்கோ. ஒருக்கா எடுத்து உறுதிப்படுத்தவேணும்.

— ஏன்? நான் பொய் சொல்லுறனெண்டோ?

— உங்களைச் சொல்லேல்லை. போன வருசம் அண்ணன் தம்பி ரெண்டுபேருக்கு ஊரில காணிச் சண்டை. தம்பியார் ஆத்திரத்தில அண்ணர் செத்திட்டார் எண்டு அறிவித்தல் தந்திட்டார். நானும் நம்பி வாசிச்சன். வாசிச்சு முடியேல்லை, செத்தவரே போன் எடுக்கிறார். ‘பிள்ளை, என்ர ரெண்டாவது மகளின்ர பேரை விட்டிட்டாய்’ எண்டு!

— ஹ. நல்ல மனிசன்.

— சிரிக்காதேங்கோ. அண்டைக்கு என்ர மானம் போச்சு. அதுக்குப் பிறகு மண்டபத்துக்கு எடுத்துக் கேக்காமல் ஒரு பேரும் வாசிக்கிறதில்லை. தாங்கோ நம்பரை.

— இப்ப எடுக்காதை.

— ஏன்?

— மத்தியானம். சாப்பாட்டு நேரம்.

— செத்தவீட்டு மண்டபத்தில ஆருக்கு அங்கிள் சாப்பாட்டு நேரம்? இந்தா, உங்கட விலாசக் கடுதாசிக்குப் பின்னாலை ஒரு நம்பர் கிடக்கே, இதுதானே? எடுக்கிறன்.

— பிள்ளை, வேண்டாம். பேந்து எடு.

— மணி அடிக்குது. போன்ஜூர் மடம். மெசியே லின்ரன் அலீனின்ர சனிக்கிழமைப் பார்வை நேரம் கேக்க எடுத்தனான்... ஓம், அலீன்... என்ன? எந்த அறை எண்டோ? இல்லை மடம், நான் குடும்பமில்லை... என்ன செய்யிறார்?... ஓ. உயி. உயி. இல்லை, அவரைக் குழப்பவேண்டாம். மெர்சி மடம். அங்கிள்.

— ம்.

— அது மண்டபமில்லை. வயோதிபர் இல்லம்.

— ஓம்.

— அவர் சூப் குடிச்சுக்கொண்டிருக்கிறாராம்.

— என்ன சூப்?

— அங்கிள்!

— கோழிச் சூப் குடுக்கச் சொல்லிப்போட்டு வந்தனான். உவளவை மரக்கறித் தண்ணியைக் குடுப்பாளவை. கேட்டிருக்கலாமே.

— உங்களுக்கென்ன விசரோ? உயிரோடை இருக்கிற மனிசனைக் காலமானார் எண்டு... நேற்று எண்டு திகதி வேறை! நான் வாசிச்சிருந்தால்?

— வாசிச்சிருந்தால் சனிக்கிழமை சனம் வந்திருக்கும்.

— வந்து, அவர் கட்டிலில இருந்து முழிச்சுப் பாக்க, எல்லாரும் பயந்து ஓடவோ?

— ஓடுறவை ஓடட்டும். ரெண்டுபேராவது நிப்பினம்.

— மாலையோடை வருவினம், அங்கிள்!

— கழுத்தில போடட்டும். அதே பூதானே.

— சனம் உங்களுக்கு அடிக்கும்.

— அடிக்கட்டும். அடிக்க வாறவனும் வாறவன்தானே.

— உங்களோடை கதைக்கேலாது. கொஞ்சம் பொறுங்கோ. டொக்டர் என்ன சொன்னவர்?

— நெஞ்சு முழுக்கத் தண்ணி. இந்தக் கிழமை இருப்பார், வாற கிழமை தெரியாது எண்டான். குழல் கட்டிலுக்குப் பக்கத்தில கிடக்கு. ஊதச் சுவாசம் இல்லை. வாயில வைச்சுப்போட்டு எடுப்பார்.

— அப்ப இப்பிடிச் செய்வம். நடக்கிறது நடக்கட்டும். நடந்த பிறகு நானே மனசார வாசிக்கிறன். நீங்கள் சொன்ன ஹோட்டல் கதை, ரெலிபோன் கதை எல்லாம் சேர்த்து வாசிக்கிறன். சனம் அள்ளுப்பட்டு வரும்.

— வரும். வந்து? அவர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள்ள கிடப்பார். மேடையில இருந்தவன், பிள்ளை. முதல் பாட்டுக்கு முன்னம் திரைச்சீலைக்கு இடுக்காலை கதிரையளைப் பாக்கிறவன். ஒவ்வொரு பின்நேரமும் கதவுப் பக்கம் தலையைத் திருப்பி வைக்கச் சொல்லுறார். நான்தான் திருப்பி வைக்கிறனான். என்ர மூஞ்சையை எத்தினைதரம் பாப்பார்?

— சரி. உண்மையையே சொல்லுவம். குழலர் கடும் வருத்தமாய்க் கிடக்கிறார், உயிரோடை இருக்கேக்கை வந்து பாருங்கோ எண்டு நான் வாசிக்கிறன்.

— வாசி. எத்தினை பேர் வருவினம்? நீ ரேடியோக்காரி. உனக்குத் தெரியும். சொல்லு.

— தெரியேல்லை.

— தெரியும்.

— ரெண்டு மூண்டு பேர் போன் எடுத்து என்னட்டைச் சுகம் விசாரிப்பினம்.

— பிஸ்கட்டும் குடுத்துவிடுவினம்.

— நான் வாறன் அங்கிள், சனிக்கிழமை. பத்மா மாமியையும் இழுத்துக்கொண்டு வாறன்.

— வா. நல்ல பிள்ளை. ஆனால் அவர் கேக்கிறது கட்டிடத்தை. ‘கட்டிடம் வந்ததோ?’ எண்டுதான் கேக்கிறார். நான் ஒருத்தன் கட்டிடமாகேலாது.

— என்னாலை பொய் வாசிக்கேலாது. என்னை நம்பித்தான் சனம் அந்த அறிவித்தலைக் கேக்குது.

— சரி. உந்தக் கம்பைத் தா, எழும்புவம். மூண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சால் இராச்சாப்பாட்டுக் கோப்பை எடுக்க முதல் போய்ச் சேரலாம்.

— கோபமோ?

— கோபிக்கிறதுக்கும் சுவாசம் வேணும்.

— நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள், விளங்குது. ஆனால் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. காலம் முழுக்க நேர்மைக்குச் சண்டை பிடிச்ச மனிசன். உயிரோடை இருக்கேக்கைத் தன்ர பேரில ஒரு பொய் மரண அறிவித்தல் வந்ததெண்டு அறிஞ்சால் எவ்வளவு நொந்துபோவார்?

— நோகிறதோ? பிள்ளை, ரோல்ஸுக்குச் சொல்லச் சொன்னதும் அவர், பார்க்கிங்கைச் சேர்க்கச் சொன்னதும் அவர். ஒருத்தருக்கும் நேரமில்லையாம் எண்டு நான் போய்ச் சொல்ல, அண்டைக்குச் சேர்ச்சுக்குக் கீழை சிரிச்சமாதிரியே சிரிச்சுப்போட்டுச் சொன்னார்: ‘என்ர குரலில கேட்டால் எப்பவும் இல்லையெண்டுதான் வரும், மரியா. செத்தவன்ர குரலில ஒருக்காக் கேட்டுப் பார்.’